அசலும் நகலும்

'நகல்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் மாணவியராகிய நமக்குத் தேர்வுக் கூடமும், அங்கே மெல்ல நடைபோடும் கண்காணிப்பாளரும் நினைவுக்கு வருவது இயல்பே. பார்த்து எழுதுவது தவறு என்று முதல் வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால், தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள்! வாசலில் அம்மா இடும் புள்ளிக் கோலம் பாட்டி இட்ட கோலத்தின் நகல். நாம் எழுதும் 'அ' நமக்குக் கைபிடித்துக் கற்பித்த ஆசிரியையின் 'அ'வின் நகல். தையல் வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்? மெல்லிய தாளில் ரோஜா வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்க்கிறோம். தாளை எடுத்தால் துணியில் ரோஜா! ஒரே தாளால் பத்துக் கைக்குட்டைகளில் பத்து ரோஜாக்கள்!

ஆக, நகல் இல்லையேல் கல்வியும் இல்லை, கைவேலையும் இல்லை. நகல் எடுக்கலாமா, கூடாதா என்பதன்று கேள்வி. எப்படிப்பட்ட நகல், யாருடைய உழைப்பின்மேல் எடுத்த நகல் என்பதே கேள்வி. இந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது, நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் ஓர் அன்னத்தை வரைந்தபோதுதான்.

கணிப்பொறியில் படம் வரைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புகைப்படத்தைப் போல ஆயிரக்கணக்கான வண்ணப் புள்ளிகளை நெருக்கமாக அடுக்குவது. அப்படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகி, அன்னத்தின் கழுத்து படிக்கட்டு போலத் தெரியும். மற்றொன்று வெக்டர் முறை. இதில் கணிப்பொறி படத்தைச் சேமிப்பதில்லை. படத்தின் வர்ணனையைச் சேமிக்கிறது. 'இந்த இடத்தில் தொடங்கு; இவ்வளவு வளைந்து அந்த இடத்துக்குப் போ; ஓரக்கோடு இவ்வளவு தடிமன்; உள்ளே மஞ்சள் நிறம்' என்பன போன்ற கட்டளைகளே அதன் கோப்பில் உள்ளன. ஒவ்வொரு முறை திரையில் காட்டும்போதும் அக்கட்டளைகளைப் படித்துப் புதிதாக வரைகிறது. ஆகையால் அன்னத்தைக் கட்டைவிரல் அளவிலும் காட்டலாம், சுவர் அளவிலும் காட்டலாம். கழுத்தின் வளைவு கெடாது. கார்களின் வளைந்த உடலைக் கணக்கால் குறிக்க வேண்டிய தேவையிலிருந்து இந்த வளைகோட்டுக் கணிதம் வளர்ந்தது. 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதனைப் பயன்படுத்திப் பரவச் செய்தார். அதனால் அவ்வளைகோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

நான் பயன்படுத்தியது இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள். 2003ஆம் ஆண்டு முதல் உலகின் பல பாகங்களில் உள்ளவர்கள் கூடி வளர்த்து வருவது. அதில் அன்னத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு 'சி' எழுத்தை அழுத்தினால், திரையில் எதுவுமே நடப்பதில்லை. ஆனால் உள்ளே ஒரு வேலை நடந்துவிடுகிறது. அன்னத்தின் வர்ணனை முழுவதும், அதன் புள்ளிகள், வளைவுகள், நிறம், கோட்டின் தடிமன் எல்லாம் ஒரு தற்காலிகப் பெட்டியில் எழுதி வைக்கப்படுகின்றன. அசலுக்கு ஒரு சிறு கீறலும் இல்லை. பிறகு கன்ட்ரோலோடு 'வி'யை அழுத்தினால், பெட்டியில் உள்ள வர்ணனையைப் படித்து ஒரு புதிய அன்னம், சுட்டி நிற்கும் இடத்தில், மற்றப் படங்களுக்கு மேலாக வந்து அமர்கிறது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் ஒன்று. அடுத்த பொருளை நகலெடுக்கும் வரை பெட்டியில் முந்தையது இருந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலோடு 'டி' என்று இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அது பெட்டியைத் தொடாமல் அசலின் மேலேயே நகலை வைத்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி இருப்பதால் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். இழுத்து நகர்த்தினால்தான் இரட்டையர் என்று புலப்படும்.

இப்படி ஒட்டிய நகல் பிறந்த மறுகணமே தனிக்குடித்தனம் போய்விடுகிறது. அசல் அன்னத்தின் அலகைச் சிவப்பாக்கினாலும் நகலின் அலகு மஞ்சளாகவே இருக்கும். நூறு அன்னங்களை ஒட்டிய பிறகு கழுத்தைத் திருத்த வேண்டும் என்றால், நூறு கழுத்துகளையும் திருத்த வேண்டும்.

இதற்கு மாறான இன்னொரு நகலும் உண்டு. ஆல்ட் விசையோடு 'டி'யை அழுத்தினால் வருவது அது. 'குளோன்' என்பார்கள், 'பிணைந்த நகல்' என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதற்குச் சொந்தமாக உருவம் கிடையாது. 'அந்த அன்னத்தைப் பார். அதைப் போலவே இங்கே வரை' என்ற ஒரே குறிப்புத்தான் இதன் சொத்து. கோப்பில் அன்னத்தின் வர்ணனை ஒரே ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அசலின் கழுத்தைத் திருத்தினால் நூறு அன்னங்களும் ஒருசேரக் கழுத்தைத் திருத்திக்கொள்ளும்! நகலை நகர்த்தலாம், சாய்க்கலாம், எதிர்ப்பக்கம் திருப்பலாம். அப்போதும் அது அசலோடு பிணைந்தே இருக்கும். வேண்டுமென்றால் பிணைப்பை அறுத்துத் தனியாக்கவும் வழி உண்டு. ஆனால் அறுத்த பின் அசலில் செய்யும் திருத்தம் அதற்கு எட்டாது.

ஒரு விடுமுறை நாளில் இதை அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா நெசவாளி. வீட்டில் குழித்தறி இருக்கிறது. திரையில் அன்னங்கள் எல்லாம் ஒன்றாகக் கழுத்தைத் திருப்பியதைப் பார்த்தவர் வியக்கவில்லை, சிரித்தார்.

"இது நம்ம ஜக்கார்டு பெட்டி செய்யற வேலைதானேம்மா! அட்டையில ஒரு துளையை மாத்தினா கரை முழுக்க மாறிடுமே!" என்றார்.

எனக்குத்தான் வியப்பாக இருந்தது. பிறந்தது முதல் அந்தப் பெட்டியின் கீழே விளையாடியிருக்கிறேன். அதை ஒரு பாடமாக அன்றுதான் பார்த்தேன்.

கமண்டல நாக நதிக்கரையில் உள்ள நம் ஆரணியில் பட்டுச் சேலையின் கரையையும் புட்டாவையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். ஒரு கட்டத்தின் அகலம் பாவு இழைக்கு. உயரம் ஊடை இழைக்கு. அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறார்கள். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாகக் கயிற்றால் கோத்து, மாலை போலத் தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிறார்கள். நெசவாளி மிதியை மிதிக்கும்போது ஓர் அட்டை ஊசிகளின் எதிரே வந்து அழுத்தும். துளை உள்ள இடத்தில் ஊசி அசையாமல் இருக்கும். அதனோடு சேர்ந்த கொக்கி பாவு இழையை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழேயே நிற்கும். மேலெழுந்த இழைகளுக்கும் கீழே நின்ற இழைகளுக்கும் நடுவே ஜரிகை நாடா ஓடும். இப்படி அட்டை அட்டையாக அன்னம் உருவாகும்.

இதில் நகல் எங்கே வருகிறது? ஒரு கொக்கியில் ஒரே ஓர் இழையை மட்டும் கட்டுவதில்லை. சேலையின் அகலத்தில் எத்தனை இடங்களில் அன்னம் வேண்டுமோ, அத்தனை இடங்களிலும் உள்ள அதே வரிசை இழைகளை ஒரே கொக்கியில் கட்டிவிடுகிறார்கள். கொக்கி ஒருமுறை எழுந்தால் எல்லா அன்னங்களுக்கும் அதே இறகு எழுகிறது. அட்டையில் இருக்கும் அன்னம் ஒன்றே. மற்றவை அதனோடு நூலால் பிணைந்தவை! இழைகளை நேர்வரிசையில் கட்டினால் அன்னங்கள் ஒரே திசையைப் பார்க்கும். எதிர்வரிசையில் கட்டினால் இரண்டு அன்னங்கள் முகத்தோடு முகம் பார்க்கும். கணிப்பொறியில் 'திருப்பு' என்று நாம் கொடுக்கும் கட்டளையை நம் தறிகள் நூல் கட்டிலேயே வைத்திருக்கின்றன. அட்டை மாலை சுற்றி முடிந்ததும் மீண்டும் முதல் அட்டை வரும். நீளவாக்கில் அடுத்த அன்னம் தொடங்கும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு, தமக்கு முன்னிருந்தோர் செய்த முயற்சிகளை ஒன்றுசேர்த்து 1804ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பொறியை அமைத்தார். பட்டு நெசவுக்குப் பேர் பெற்ற ஊர் அது. நம் ஊரைப் போல என்று சொல்லிக்கொள்ளலாம்! அவருடைய அட்டைகளைக் கண்டுதான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்கும் துளையிட்ட அட்டைகளைக் கொடுக்க எண்ணினார். அந்த எந்திரத்தைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதியவர் ஒரு பெண்மணி, அடா லவ்லேஸ். ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வது போல, இந்த எந்திரம் கணிதக் கோலங்களை நெய்யும் என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார். பின்னர் 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்டு என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் வரையும் மென்பொருளைப் படைத்தார். மூலப்படம் ஒன்று, அதைச் சார்ந்த பல தோற்றங்கள், மூலத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்ற முறை அதிலேயே இருந்தது. வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று நாம் கொடுக்கும் கட்டளைகளுக்கு 1970களில் வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். அவர் 2020இல் காலமானார். தறியில் தொடங்கிய வழி கணிப்பொறிக்குப் போய், இன்று மீண்டும் தறிக்கே திரும்பியிருக்கிறது. அட்டையே இல்லாமல் கோப்பைப் படித்து இழை தூக்கும் மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. கைத்தறிக்கென்றே 'டிஜிபுனை' என்ற இலவச மென்பொருளையும் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று உருவாக்கியிருக்கிறது.

இவ்வளவும் கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அப்பா ஒரு புதிய சேலை நெய்தார். கரையில் அன்னம், உடலில் சிறு மாங்காய், முந்தியில் இரண்டும் கலந்த கொடி. அந்த வடிவத்தை வரைந்து, அட்டை அடித்து, தறியில் ஏற்றிச் சரிபார்க்கவே பல வாரங்கள் ஆயின. முதல் சேலை முடிந்ததும் அதன் படம் கைப்பேசிகளில் பரவியது. எல்லோரும் பாராட்டினார்கள். ஆடி மாதம் பிறப்பதற்குள் அதே அன்னம், அதே மாங்காய், அதே கொடி விசைத்தறிச் சேலையில் வந்துவிட்டது. பட்டும் இல்லை, அசல் ஜரிகையும் இல்லை. விலை மிகமிகக் குறைவு. யார் செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே சொல்வதற்கில்லை. படத்தைப் பார்த்து வெக்டரில் கோடு எடுப்பது ஒரு நாள் வேலைகூட இல்லை என்பதை நானே அறிவேன். அப்பாவுக்கு வரவேண்டியிருந்த அடுத்த பாவு வரவில்லை. அண்ணன் தறியை விட்டிறங்கி, செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போகிறார். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து தெருமுனையில் வந்து நிற்கும்போது, எங்கள் வீட்டில் ஒரு தறி சும்மா இருக்கிறது.

அன்று முதல் ஒட்டும் கட்டளையை அழுத்தும் போதெல்லாம் ஒன்றை எண்ணுகிறேன். கணிப்பொறியில் இரண்டாவது அன்னத்துக்குச் செலவே இல்லை. தறியில் அப்படியா? அகலவாக்கில் கொக்கிகள் உதவும், உண்மைதான். ஆனால் நீளவாக்கில் ஒவ்வொரு அன்னத்துக்கும் முதல் அன்னத்துக்கு மிதித்த அத்தனை மிதிகளையும் மீண்டும் மிதித்தே ஆகவேண்டும். ஆறு மீட்டருக்கு மேல் நீளும் சேலையில் எந்த அன்னமும் ஓசியில் வருவதில்லை. வடிவத்தை நகலெடுக்கலாம், உழைப்பை நகலெடுக்க முடியாது. உழைப்பவருக்குச் சேரவேண்டியதைச் சேர்க்காமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் தவறான நகல். பிணைப்பை அறுத்துவிட்ட நகல் அது. அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே அதில் இல்லை.

சட்டம் இதற்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. சேலை முதலிய சில துணி வகைகளை, வரையறுத்த அம்சங்களோடு, கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் அக்குறியீடு 'ஆரணிப் பட்டு' என்ற பெயரைக் காக்குமே தவிர, ஒரு குறிப்பிட்ட அன்னத்தைக் காக்காது. அன்னத்தைக் காப்பதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளும், விண்ணப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் உரிமை கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் அவ்வடிவம் வெளியாகியிருக்கக் கூடாது. கைப்பேசியில் படம் போட்டுவிட்டால் வெளியானதாகவே ஆகிவிடும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே, இதை நினைவில் வையுங்கள். முதலில் விண்ணப்பம், பிறகு படம்! சேலை வாங்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டுக்கு 'சில்க் மார்க்', கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' என்ற முத்திரைகள் உண்டு. முன்னது 2004இலும் பின்னது 2006இலும் வந்தவை. சேலையைப் புரட்டிப் பார்க்கும்போது அந்த முத்திரையையும் பாருங்கள். ஒரு குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது.

இப்போது நான் ஒரு புதிய கரை வரைந்து வருகிறேன். நம் பள்ளிச் சிற்றாலயத்தின் பீடத்தடியில் செதுக்கியிருக்கும் திராட்சைக் கொடிதான் அதற்கு மாதிரி. ஓர் இலையை வரைந்து, மற்றவற்றைப் பிணைந்த நகல்களாக அடுக்கியிருக்கிறேன். அப்பா திரையைப் பார்த்து, "இந்த வளைவு கட்டத்துல வராதும்மா, படி விழும். இன்னும் கொஞ்சம் நீட்டி விடு" என்கிறார். அவர் சொல்வது சரியே. வெக்டரின் வளைவு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் தறிக்குப் போகும்போது கட்டமாகத்தான் ஆக வேண்டும். கட்டத்தில் எது அழகாக நிற்கும் என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். மூல இலையை நீட்டுகிறேன். கொடியின் எல்லா இலைகளும் நீள்கின்றன. கரை முடிந்ததும், யாருக்கும் காட்டாமல், காஞ்சிபுரத்தில் உள்ள நெசவாளர் சேவை மையத்துக்குப் போய்ப் பதிவு பற்றிக் கேட்டு வருவது என்று அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். அவர் தறிக்குத் திரும்புவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கிறார் என்பதே எங்களுக்கு ஆறுதல்.

மறைக்கல்வி வகுப்பில் அருட்சகோதரி ஒருவர், நாம் கிறிஸ்துவைப் பின்பற்ற வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். முன்பெல்லாம், எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் போலும் என்று எண்ணிக்கொள்வேன். இப்போது வேறு விதமாகப் புரிகிறது. குழந்தை தெரேசம்மாள், இறைவனின் தோட்டத்தில் எல்லா மலர்களும் ரோஜாவாக இருக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டவர். நாம் ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பக்கம் சாய்ந்து, வெவ்வேறு அளவில் இருக்கலாம். ஆனால் மூலத்தோடு உள்ள பிணைப்பை மட்டும் அறுத்துக்கொள்ளலாகாது. கொடியோடு இணைந்த கிளை என்று நற்செய்தி சொல்வது இதைத்தானே!

ஆகவே, தோழியரே, நகல் எடுங்கள்! நல்லோரின் நடையை, ஆசிரியையின் கையெழுத்தை, அம்மாவின் கோலத்தை, தாத்தாவின் அன்னத்தைத் தாராளமாக நகல் எடுங்கள். எடுக்கும்போது, 'இது இவரிடமிருந்து வந்தது' என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல்தான் கொக்கியையும் இழையையும் இணைக்கும் நூல்.